‘பஜார் பக்கமே வரக்கூடாது’ என்று ஆர்டர் வாங்க முடியுமா?

தீபாவளி நெருங்கினாலும், முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா நெருங்கினாலும் காரைக்குடிக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். “வக்கீல் சார், அந்த நாலு பேரையும் பஜாருக்குள்ளயே விடக்கூடாதுன்னு ஒரு ஆர்டர் வாங்கித் தர முடியுமா?” அந்த நாலு பேர் யார் என்று செக்காலை ரோட்டில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செயின் பறிப்பில் உள்ளே போய் வந்தவன், மாமூல் கேட்பவன், போதை ஏறினால் கடை வாசலில் சட்டையைக் கழற்றுபவன்.

கோபம் நியாயம். ஆனால் அப்படி ஓர் ஆர்டர் நம் ஊரில் கிடையாது.

“சென்னையில செய்றாங்களே?” என்பார்கள். அங்கே 1888-ஆம் வருடத்துச் சென்னை மாநகரக் காவல் சட்டம் இருக்கிறது. ரவுடிகள் நகரத்துக்குள் நுழையக் கூடாது என்று போலீஸ் கமிஷனர் உத்தரவு போடுவது அதை வைத்துத்தான். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு இருப்பது போலீஸ் கமிஷனர் இல்லை, எஸ்.பி. “2024-லயே மாநகராட்சி ஆயிட்டோம், நமக்கும் கமிஷனர் இருக்காருல்ல?” என்றார் ஒரு ஜவுளிக்கடை அண்ணன். அவர் வீட்டு வரிக்கும் குப்பைக்கும் கமிஷனர், அண்ணே!

மகாராஷ்டிராவில் ‘தடிபார்’ என்று ஆளை மாவட்டத்தை விட்டே இரண்டு வருடம் வரை வெளியேற்றலாம். அங்கேயும் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. நாட்டுக்குள் எங்கும் போய்வரும் உரிமையைப் பறிக்கும் அசாதாரண நடவடிக்கை இது, கைக்கு வந்தபடி எடுக்கக் கூடாது என்றது.

சங்கத்தில் தீர்மானம் போட்டு நாமே தடுத்துவிடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். தெரு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த இடமில்லை. வழிமறித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவில் வழக்கு உங்கள் மேல் வரும். ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சட்டம் காட்டும் வழி நன்னடத்தைப் பிணை. பழைய பிரிவு எண்ணை வைத்து ஸ்டேஷனில் இன்னும் ‘110 கேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 129-ஆவது பிரிவு. திரும்பத் திரும்பத் திருடுபவர், திருட்டுப் பொருள் வாங்குபவர், அடிதடியே பிழைப்பாக இருப்பவர் ஆகியோரை நிர்வாக நடுவர் (கோட்டாட்சியர் போன்ற வருவாய்த் துறை அதிகாரி) முன் நிறுத்தி, ஜாமீன்தாரர்களோடு மூன்று வருடம் வரை பத்திரம் எழுதி வாங்கலாம். காரைக்குடி தாலுகா தேவகோட்டைக் கோட்டத்தில் சேர்ந்தது. கோட்டாட்சியர் விசாரித்தால் தேவகோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். பத்திரத்தை மீறினால் பணமும் போகும், உள்ளே போகவும் நேரிடலாம். ஜாமீன் போட்ட சித்தப்பாவோ மாமாவோ தன் வீட்டு வரி ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதன்பிறகு பையனைக் கண்காணிக்கும் வேலையைப் போலீஸைவிட அவர்தான் ஒழுங்காகச் செய்கிறார். நான் பார்த்தவரை, தடையாணையைவிட இது பலமானது.

இந்த விசாரணையில் ஒரு விசேஷம் உண்டு. ‘இவர் வழக்கமான குற்றவாளி’ என்பதை ஊரில் அவருக்கு இருக்கும் பெயரை வைத்தே நிரூபிக்கலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 135 சொல்கிறது. ஊர்ப் பேச்சே சாட்சியம்! கடைக்காரர்களுக்கு இது பெரிய வசதி, ஆனால் சாட்சி சொல்ல வாருங்கள் என்றால் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை.

அதே வசதிதான் ஆபத்தும். பெயரை வைத்து ஆளை அடைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பிரிட்டிஷ் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம், நம் பெரியவர்கள் சொல்லும் ரேகைச் சட்டம், சாதியின் பெயராலேயே ஆட்களை இரவில் ஸ்டேஷனில் படுக்க வைத்தது. அதை எதிர்த்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1992-இல் நகர மையத்தில் நுழையத் தடை கொண்டுவந்தார்கள். கறுப்பர்கள் மேலேயே அதிகம் பாய்ந்தது தெரியவந்து 2007-இல் கைவிட்டார்கள். சின்சினாட்டியில் இதே மாதிரித் தடையால் ஒரு பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட முடியாமல் போயிற்று. 2002-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளியது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல், போலீஸ் துணை கமிஷனர்களே இந்தப் பிணை வழக்குகளை விசாரிக்கலாம் என்றிருந்த அரசாணைகளை ரத்து செய்தது. பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்காரக் கூடாதல்லவா!

நம் ஊரில் நடைமுறையில் ஆளை ஊரைவிட்டு நகர்த்துவது, கைதானவரை விடும்போது நீதிமன்றம் போடும் ஜாமீன் நிபந்தனைதான். “மதுரையில் தங்கி தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்து” என்று வந்தால், கொத்தனாருக்குக் கையாளாகப் போகும் பையனுக்குக் கூலி போச்சு. “மதுரையில எங்களுக்கு யாருங்கய்யா இருக்கா? ராத்திரி எங்க படுப்பான்?” என்று ஓர் அம்மா கேட்டார். அதற்கு நிபந்தனைத் தளர்வு மனு இருக்கிறது. முறையாகக் கையெழுத்துப் போட்டு வந்தவருக்குப் பெரும்பாலும் தளர்த்துகிறார்கள். ஒருநாள் தவறினாலும் அடுத்த மனுவில் அதுதான் முதல் கேள்வி.

பிணை நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அதில் என்ன தகவலின் பேரில் நடவடிக்கை, எவ்வளவு தொகை, எவ்வளவு காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்று எழுதியிருக்கிறதா என்பதை. வெறும் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் கிடப்பவருக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. பொது இடத்தில் போதையில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை, அவ்வளவுதான்.

கடைக்காரர்களுக்கு: ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம் போட்டு எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்குங்கள். வாய்ப் புகார் பத்து இருந்தாலும் கோட்டாட்சியர் மேசைக்கு ஒன்றும் போகாது. கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அன்றே பென்டிரைவில் எடுத்து, பதிவு உண்மையானது என்று காட்டும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழையும் எழுதி வையுங்கள். அதில் கேமராவுக்குப் பொறுப்பானவர் ஒரு கையெழுத்து, நிபுணர் ஒரு கையெழுத்து என இரண்டு வேண்டும்.