இறக்கத்தில் தொடங்கும் பாதைகள்: ரீயூனியன் எரிமலைத் தீவில் நடக்கப் போகிறவர்களுக்கு

சாதாரணமாக ஒரு மலைக்குப் போனால் முதலில் ஏறுவோம். மூச்சு வாங்கும், முடியவில்லை என்று தோன்றும், திரும்பி இறங்கிவிடலாம். ரீயூனியன் தீவில் பேர்போன பாதைகள் பலவும் இதற்கு நேர்மாறு. காலையில் உடம்பு தெம்பாக இருக்கும்போது இறங்குகிறீர்கள். கால் தளர்ந்து, தண்ணீர் தீர்ந்து, வானம் மூடிக்கொள்ளும் நேரத்தில்தான் ஏற்றம் காத்திருக்கிறது. "லேசான பாதைதானே" என்று போனவர்கள் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்குக் காரணம் தீவின் அமைப்பு. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவு இரண்டு எரிமலைகளால் ஆனது. ஒன்று, வெகுகாலமாக அடங்கிக் கிடக்கும் பிட்டோன் தே நேஜ். அதைச் சுற்றிலும் மழை அரித்து உருவாக்கிய மூன்று பெரும் பள்ளங்கள்: சிலாவோஸ், சலாஸி, மஃபாத். மற்றொன்று, உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்றான பிட்டோன் தெ லா ஃபூர்னெய்ஸ். பல இடங்களில் தார்ச்சாலை பள்ளத்தின் விளிம்போடு நின்றுவிடும். வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால், கீழேதான் போக வேண்டும்.

ஃபூர்னெய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பு. அங்கிருந்து 500க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் எரிமலையின் உள்முற்றம். முற்றத்துக்குள் சிறிது தூரத்திலேயே ஃபோர்மிக்கா லியோ என்ற சின்னக் கூம்பு, குழிநரிப் பூச்சி தோண்டிய குழி மாதிரியே இருக்கும். பெயரும் அந்தப் பூச்சியுடையதுதான். 1753இல் உருவானது. அதுவரை போய்த் திரும்ப ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுவே போதும், நிறைவாகவும் இருக்கும். எரிமலையின் உச்சியில் இருக்கும் பெரிய வாயான தொலோமியூ பெருவாயின் பார்வை மேடை வரை போய்வருவதென்றால் 5 மணி நேரத்துக்குக் குறையாது. சரிவு மிதமானதுதான், சிரமம் தரையில் இருக்கிறது.

இந்தத் தரையில் முக்கியமாக மூன்று வகை உண்டு. கயிறு திரித்தாற்போல் வழவழப்பாக உறைந்த எரிமலைக் குழம்பு ஒன்று. நடக்க இதமானது. ஆனால் உள்ளே வாயு தங்கி வெளியேறிய இடங்களில் மேலோடு இரண்டு மூன்று விரற்கடை கனத்தில் வெறும் ஓடாக நிற்கும். பார்வைக்குக் கெட்டியான பாறை, மிதித்தால் அப்பளம் போல் நொறுங்கி முழங்கால் வரை உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது உடைந்த விளிம்பு கெண்டைச் சதையைக் கிழிக்கும். இரண்டாவது வகையை ஊரார் கிராட்டோன் என்பார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிப் பரப்பியது போன்ற கரடுமுரடுக் கற்கள். தடுக்கி விழுந்தால் முதலில் காயப்படுவது உள்ளங்கை. ஒரு சாதாரணத் தோட்ட வேலைக் கையுறை அந்தக் காயத்தைத் தடுத்துவிடும். மூன்றாவது, கறுத்த எரிமலைச் சரளை. மணலில் நடப்பது போல், இரண்டடி வைத்தால் ஓரடி பின்னுக்கு வழுக்கும். ஒரே பாதையில் மூன்றும் மாறி மாறி வருவதால், மெல்லிய அடிப்பகுதி கொண்ட ஓட்டப்பயிற்சி ஷூ போதாது. கணுக்கால் வரை பிடிக்கும் கனமான ஷூ வேண்டும்.

பாதை என்று அங்கே தனியாக எதுவும் கிடையாது. பாறையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் குறிகள்தாம் பாதை. வானம் தெளிந்திருக்கையில் அடுத்த பத்துக் குறிகள் தெரியும். மூட்டம் வந்துவிட்டால் ஒன்றுகூடத் தெரியாது. கடலிலிருந்து ஏறும் ஈரக்காற்று பல நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கே விளிம்பைத் தொட்டுவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் வெள்ளை. அப்போது செய்ய வேண்டியது இதுதான். கடைசியாகப் பார்த்த குறியில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். மற்றொருவர் குரல் கேட்கும் தூரம்வரை மட்டும் முன்னே போய் அடுத்த குறியைத் தேடலாம். கிடைத்தால் கூப்பிட்டு மற்றவரை வரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் திரும்பி அதே குறிக்கே வந்துவிடுங்கள். "இப்படித்தான் இருக்கும்" என்று யாரும் ஊகத்தில் நடக்கவே கூடாது. காந்த ஊசியையும் போனில் இருக்கும் திசைகாட்டியையும் அதிகம் நம்பாதீர்கள். இந்தக் கறும்பாறையில் காந்தத் தாது உண்டு, பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் முள் பிசகும். முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தோடு ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரி இருக்கும்வரை. இந்த மூட்டத்துக்காகத்தான் காலை ஆறு மணிக்கே படியிறங்கச் சொல்கிறோம். கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நான்கு மணிக்கெல்லாம் கிளம்பியிருக்க வேண்டும்.

முற்றத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, நிழலும் இல்லை. பெருவாய் வரை போகிறவர் ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் சுமக்க வேண்டும். அதில் அரை லிட்டரைப் பையின் அடியில் தனியாக வைத்து, திரும்பி வந்து ஏற வேண்டிய அந்த 500 படிகளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் படியின் பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே தண்ணீரைத் தீர்த்தவர்களாக இருப்பார்கள்.

பெருவாயின் விளிம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2007 ஏப்ரல் வெடிப்பின்போது தொலோமியூவின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. அன்றிலிருந்து விளிம்பு நிலையாக இல்லை. விளிம்புக்கு இணையாகத் தரையில் கை நுழையும் அகலத்தில் விரிசல் தெரிந்தால், அதற்கு அப்பால் இருக்கும் பாறை என்றைக்கோ விழப்போகிறது என்று பொருள். படம் எடுக்க மேடையைத் தாண்டிப் போகாதீர்கள்.

கீழே இறங்கும் வாசல் பூட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். இந்த எரிமலை உச்சியில் மட்டுமே வெடிப்பதில்லை. பல முறை பக்கவாட்டில் தரை பிளந்து குழம்பு பீறிடுகிறது. எந்த இடம் பிளக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நில அதிர்வு அதிகரிக்கத் தொடங்கியதிலிருந்து குழம்பு வெளிவரும்வரை சில சமயம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. உள்முற்றத்தின் நடுவில் நிற்பவர் படியேறி வெளியேற அதைவிட அதிக நேரம் ஆகும். வாசலை முன்னெச்சரிக்கையாகவே மூடுவது இந்தக் கணக்கினால்தான். கிளம்புவதற்கு முந்தைய மாலையிலும் அன்று காலையிலும் தீவின் நிர்வாகம் அறிவிக்கும் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள். முதல் எச்சரிக்கை அறிவித்துவிட்டாலே முற்றம் மூடப்படும்.

மஃபாத்தின் கதை வேறு. அந்தப் பள்ளத்துக்குள் சாலையே கிடையாது. சில நூறு குடும்பங்கள் வாழ்கின்றன, போக்குவரத்து கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான். முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது சலாஸி பக்கத்து வழி. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்சம் ஏறி, 1,956 மீட்டர் உயரக் கணவாயான கோல் தே பெஃப்பைத் தாண்டி, லா நூவெல் குடியிருப்புக்கு ஏறக்குறைய 500 மீட்டர் இறக்கம். இறங்க இரண்டு மணி நேரம், ஏறித் திரும்ப இன்னும் அரை மணி கூடும். வழியில் வரும் தமாரன் காட்டைப் புளியந்தோப்பு என்று எண்ண வேண்டாம், அது வேல மர இனம். அங்கே சேற்றின்மேல் மரக்கட்டைகளைப் பரப்பிப் படியாக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் கட்டை சோப்பு மாதிரி. கட்டையின்மேல் மிதிக்காமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மண்ணில் கால் வையுங்கள். அப்படி இடம் இல்லாத இடத்தில் பாதத்தைக் குறுக்காகத் திருப்பி முழுதாக ஊன்றுங்கள்.

2,200 மீட்டர் உயர மைதோ விளிம்பிலிருந்து மஃபாத்துக்குள் இருக்கும் ரோஷ் பிளாத் குடியிருப்புக்கு இறங்குவது இதைப்போல் இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 1,000 மீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்ப நன்கு பழகிய கால்கள் வேண்டும். மற்றவர்கள் கீழே ஓர் இரவு தங்குவதே நல்லது, இடத்தை முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பயண நேரம் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: சராசரி ஆள் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவார். 1,000 மீட்டர் என்றால் நிற்காமல் மூன்று மணி நேரத்துக்கும் மேல். குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். அந்தி நீளாது, சட்டென்று இருட்டும்.

ஏறித் தொடங்கும் பாதைதான் வேண்டுமென்றால் பிட்டோன் தே நேஜ். உயரம் 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம். சிலாவோஸுக்கு அருகே லெ பிளாக் என்ற இடத்திலிருந்து 2,478 மீட்டரில் உள்ள தங்குகுடில் வரை சுமார் 1,100 மீட்டர் நேர் ஏற்றம், மூன்று நான்கு மணி நேரம். அங்கே படுத்தெழுந்து, இருட்டில் மீதி 600 மீட்டர் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பது வழக்கம். எல்லாரும் கிளம்புகிறார்களே என்று மூன்று மணிக்கே கிளம்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. டிசம்பரில் ஐந்தரை மணியளவில் சூரியன் வந்துவிடும், அப்போது அந்த நேரம் சரி. ஜூலையில் ஏழு மணியை நெருங்கித்தான் உதயம். ஏற்றம் இரண்டு மணி நேரம்தான். வியர்வையில் நனைந்த சட்டையோடு உறைநிலைக் காற்றில் உச்சியில் இரண்டு மணி நேரம் நிற்க நேரிடும், உடல் வெப்பம் வேகமாக இறங்கும். குளிர்காலத்தில் நாலரைக்குக் கிளம்பினால் போதும். பையில் ஒரு உலர்ந்த உள்சட்டை வைத்துக்கொண்டு, உச்சியைத் தொட்டதும் முதல் வேலையாக மாற்றுங்கள். நெற்றி விளக்குக்கு மாற்று பேட்டரி வேண்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். திரும்பும்போது ஒரே மூச்சில் 1,700 மீட்டர் இறக்கம், முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு கட்டாயம்.

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குத் தென்கிழக்குக் கரையில், 1986 குழம்பு கடலுக்குள் புதிதாக நிலம் சேர்த்த புவாந்த் தெ லா தாப்ல் இருக்கிறது. தட்டையான நடை, இரண்டு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் நாளில் பாறை விளிம்புக்குப் போகாதீர்கள்.

இந்தத் தீவில் தமிழ் வம்சாவளியினர், அங்கே மல்பார் என்பார்கள், ஏராளம். கோயில்களைப் பார்க்க வரும் நம்மவர்கள் ஒருநாளை எரிமலைக்கும் ஒதுக்குகிறார்கள். கடற்கரையில் 28 டிகிரி இருக்கும்போது விளிம்பில் 5 டிகிரி இருக்கலாம். செருப்பும் பருத்தி வேட்டியும் சேலையும் அங்கே உதவாது, காற்று புகாத மேல்சட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

மே முதல் அக்டோபர் வரை நடக்க ஏற்ற காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எரிமலைச் சாலையோரத்திலேயே இருக்கும் கொமெர்சோன் குழியில் 2007 பிப்ரவரிப் புயலின்போது மூன்றே நாளில் 3,900 மி.மீட்டருக்கும் மேல் மழை பதிவாகியது, அது உலக அளவிலான உச்சம். இந்த மழையில் வறண்ட ஓடை சில நிமிடங்களில் ஆறாகிவிடும். தண்ணீர் கலங்கி, கற்கள் உருளும் சத்தம் கேட்டால் முழங்கால் ஆழமே இருந்தாலும் கடக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்திருங்கள், மழை நின்றால் சில மணி நேரத்தில் வடியும். அடைத்து வைத்த பாதையில், மண்சரிவு இல்லாதது போல் தெரிந்தாலும், தடுப்பைத் தாண்டாதீர்கள்.

ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. பள்ளங்களுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மூட்டத்தில் மீட்பு ஹெலிகாப்டர் பறக்கவும் முடியாது, அடுத்த நாள் காலை வரை காத்திருக்க நேரலாம். ஆகவே ஒருநாள் நடைக்கும் பையில் உடல் சூட்டைக் காக்கும் ஒரு மெல்லிய மீட்புப் போர்வை, விசில், ஒருவேளைக்கான கூடுதல் உணவு இருக்கட்டும். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.