‘சின்னப் பாம்புதானே’ என்று விடப்படும் சுருட்டை

இலங்கையில் பாம்புக்கடி பற்றி அச்சாகும் துண்டுப்பிரசுரங்களில் கூம்புமூக்கு விரியனுக்குப் பெரிய இடம் கொடுப்பார்கள். சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லப்படும் அந்தப் பாம்புதான் தெற்கிலும் மேற்கிலும் றப்பர், தென்னந்தோட்டங்களில் அதிகம் பேரைக் கடிக்கிறது. ஆகவே அது நியாயம்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது இல்லை. ஈரமும் இலைச்சருகும் நிழலும் தேடுகிற பாம்புக்கு இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் என்ன வேலை? நமக்கு வாய்த்திருப்பது சுருட்டை விரியன். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், மட்டக்களப்பு என்று வறண்ட கரையோர மணல் நிலங்களில்தான் அது இருக்கிறது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதைக் காணாமலே இருந்துவிடலாம்.

ஊர்வனவற்றையும் ஈரூடகவாழிகளையும் தேடிப் பார்த்துக் குறித்து வைப்பது என் தொழில். வளவுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று கூப்பிட்டால் போவதும் அதோடு சேர்ந்துகொண்டது. அப்படிப் போகிற இடங்களில் புடையனுக்கும் (கண்ணாடி விரியன்) நாகத்துக்கும் இருக்கிற பயம் சுருட்டைக்கு இல்லை. “சேர், உது குட்டிப் பாம்பு. கடிச்சாலும் ஒண்டும் செய்யாது எண்டு அம்மம்மா சொல்லுறவ” என்றான் வடமராட்சியில் ஒரு பொடியன். அவன் காட்டிய ‘குட்டி’ முழுதாக வளர்ந்த சுருட்டை. அதற்குமேல் பெரிதாக அது வளராது. ஒரு முழத்தைத் தாண்டினாலே பெரிய சுருட்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் பிறகு மறக்காது. மண்ணிறம், முதுகில் வெளிர்நிறத் திட்டுகள், பக்கவாட்டில் அலையலையாக ஒரு கோடு, தலையின் மேல் அம்புக்குறி. கண் பெரிது, கண்மணி செங்குத்து. யாரும் நெருங்கினால் ஓடாது. உடம்பை அடுக்கடுக்காக வளைத்து, அந்த வளைவுகளை ஒன்றோடொன்று எதிரெதிர்த் திசையில் தேய்க்கும். பக்கவாட்டுச் செதில்கள் சரிந்திருக்கும். அவற்றின் நடுவரம்பு வாள்பல்லாக இருப்பதால், காய்ந்த காவோலை இரண்டை உரசினாற்போல ஒரு சரசரப்புக் கேட்கும். வாயால் சீறுவதல்ல அது. தலை அசையாமல் நடுவில் நிற்க உடம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பின்னால் ஓரடி வையுங்கள். குனிந்து பார்க்கப் போகாதீர்கள். சுருளிலிருந்து அது எட்டிக் கொத்துகிற வேகத்துக்கு நம் கை ஈடுகொடுக்காது.

தேள், பூரான், பூச்சி, பல்லி, தவளை எல்லாம் அதன் சாப்பாடு. முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிக்கே நஞ்சு உண்டு. பகலில் கல்லுக்கடியிலும், வேலியோரத்தில் குவிந்த காவோலை, மட்டை, கொக்கரைக்கடியிலும் கிடக்கும். நிலம் நனைந்துவிட்டால் சிறு பற்றைகளின்மேல் ஏறியும் கிடக்கும். ஆகவே மாரியில் காலடியை மட்டும் பார்த்து நடந்தால் போதாது. கடிபடுகிறவர்கள் யார் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். விறகுக்குக் காவோலை பொறுக்குகிறவர்கள், மதில் கட்டக் கல் புரட்டுகிறவர்கள், இருட்டில் ரோச் இல்லாமல் கிணற்றடிக்குப் போகிறவர்கள். ஓலையைக் கையால் தூக்காமல் ஒரு நீளத் தடியால் புரட்டிவிட்டு எடுத்தால் இந்தக் கடிகளில் பாதி வராது என்பது என் எண்ணம்.

சுருட்டை கடித்து நம் நாட்டில் ஒருவர் இறப்பது அரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் ஆட்களை வீட்டில் இருத்திவிடுகிறது. கடித்த இடத்தில் வீக்கமும் நோவும் இருக்கும், ஆள் நன்றாக நடமாடுவார், சாப்பிடுவார். உள்ளே நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைச் செலவழித்துக்கொண்டிருக்கும். பல் தீட்டும்போது முரசில் இரத்தம் கசிவதும் சிறுநீர் சிவப்பதும் பிறகுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். முதல் தடவை உறைந்தாலும் பிறகும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அதனால்தான் ‘ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஏன் மறித்து வைத்திருக்கிறார்கள்’ என்று கோபித்துக்கொண்டு துண்டு வெட்டி வரக்கூடாது. இங்கே பாவிக்கப்படும் இந்திய நஞ்சுமுறி மருந்து நாகம், எட்டடி விரியன் (கட்டு விரியன்), புடையன், சுருட்டை நான்குக்கும் உரியது. அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

சரி, பாம்பு எப்போது வெளியே நடமாடும் என்று கேட்பவர்களிடம் தவளையைக் கேளுங்கள் என்பேன். நம் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. குடாநாட்டில் சொல்லிக்கொள்ள ஓர் ஆறு இல்லை. விழுந்த நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும், அல்லது பள்ளங்களில் சில வாரங்கள் தேங்கி நிற்கும். அந்தச் சில வாரங்களுக்காகவே கோடை முழுவதும் மண்ணுக்குள் காத்திருக்கிற தவளைகள் உண்டு. மண்தவளையைக் கையிலெடுத்துப் பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். குதிக்காலருகே மண்வெட்டி விளிம்பாக ஒரு கடினமான மேடு தெரியும். பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கும், முகம் கடைசியாக மறையும். முதல் பெருமழை இரவில் அவையெல்லாம் மேலே வந்து கத்தத் தொடங்கினால் பக்கத்தில் நின்று கதைக்க முடியாது. மாரித்தவளை என்று ஊரில் சும்மா பேர் வைக்கவில்லை.

அந்தத் தவளைகளுக்குப் பெரிய குளத்தைவிடச் சின்னப் பள்ளம்தான் உதவும். வற்றாத குளத்தில் மீன் இருக்கும், மீன் வாற்பேத்தையைத் தின்றுவிடும். வற்றுகிற பள்ளத்தில் மீன் இல்லை, ஆனால் காலக்கெடு உண்டு. நீர் வற்றுமுன் வாற்பேத்தைக்குக் கால் முளைத்துவிட வேண்டும். நாமோ பள்ளக் காணி என்றாலே மண் கொட்டி நிரவுகிறோம். நுளம்பு வரும் என்று காரணமும் சொல்கிறோம். குளங்களுக்குச் சுற்றிவரக் கொங்கிறீற் கட்டி அழகுபார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. செங்குத்தான விளிம்பில் விரல்நுனியளவு தவளைக்குஞ்சு எப்படி ஏறும்?

தவளை வந்த கையோடு தண்ணீர்ப்பாம்பு வரும், சாரை வரும், நாகம் வரும், வயல் பக்கம் புடையன் வரும். தென்மராட்சியில் நெல் விளைந்து அரிவு வெட்டுகிற காலத்தில் எலியும் சேர்ந்துகொள்கிறது. இதே காலத்தில் தொண்டைமானாற்றுத் தடுப்பணைப் பக்கம் போய் நின்றால் வேறொரு பாடம் கிடைக்கும். உவர் ஏறிய நீரோரத்தில் தவளைச் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். பெரும்பாலான தவளைகளின் தோல் உப்பைத் தாங்காது. அந்த இடத்தைக் கண்டலடிச் சேற்றில் மீன் பிடித்துத் தின்னும் நாய்முக நீர்ப்பாம்பு எடுத்துக்கொள்கிறது. அதன் நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதல்ல. அதற்கப்பால் கடற்பாம்பு. வலையிலிருந்து அதைக் கழற்றும் கடற்றொழிலாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கடித்த இடத்தில் நோவே இராது, பிறகு உடம்பெல்லாம் தசைநோவு வந்து சிறுநீர் கறுக்கும். மேலே சொன்ன நான்குபாம்பு மருந்து இதற்கு வேலை செய்யாது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சிறுநீரகத்தைக் காப்பது அங்கேதான்.

நாகத்தை நம் ஊரில் பலர் அடிப்பதில்லை. நாகதம்பிரான் கோயிலும் நயினாதீவும் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கின்றன. அந்தச் சலுகை இல்லாமல் அடிபடுவது மண்ணுளிப் பாம்பு. கட்டையான உடம்பு, முதுகில் கபிலத் திட்டுகள், ஆகவே ‘புடையன் குட்டி’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். புடையனின் திட்டுகள் சங்கிலியாக ஒழுங்காக வரிசைப்பட்டிருக்கும், தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். மண்ணுளிக்குத் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து நெளியும், கழுத்தென்று தனியாக ஒன்று இல்லை, வால் மொட்டையாகச் சட்டென முடியும். நஞ்சு கிடையாது.

இன்னொரு குழப்பம் எட்டடி விரியனும் ஓநாய்ப்பாம்பும். இரவில் சுவரில் ஏறிப் பல்லி பிடிப்பது பெரும்பாலும் ஓநாய்ப்பாம்பு. அதன் வெள்ளைப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். எட்டடி விரியனுக்குப் பட்டைகள் வால்பக்கம்தான் தெளிவு, முதுகெலும்போடு அறுகோணச் செதில்கள் ஒரு வரிசை பெரிதாக ஓடும். வீட்டுக்குள் பாயில் படுத்திருப்பவரை நோவு தெரியாமல் கடிப்பது இது. விடியப்புறம் காரணமில்லாத வயிற்றுவலி, கண்ணிமை சரிவது என்றால் கடிகாயம் தேடிக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நிலத்தில் படுப்பவர்கள் நுளம்புவலையின் விளிம்பைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால் அதுவே நல்ல காவல். எந்தக் கடியென்றாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, விஷக்கல் வைப்பது வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டுண்ட தலைகூடச் சற்று நேரம் கடிக்கும். தூர நின்று எடுத்த கைபேசிப் படம் ஒன்று போதும்.

படம் என்றதும் ஒரு விண்ணப்பம். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை நல்லூர், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்தவை. அதை வரைபடத்தில் குறித்தால் பாம்பெல்லாம் நகரத்தைச் சுற்றியே இருப்பதாகத் தெரியும். உண்மையில் அது கைபேசியோடு திரிபவர்களின் வரைபடம். வேலணை, காரைநகர், நெடுந்தீவு, மணற்காடு, சுண்டிக்குளம் பக்கத்திலிருந்து வருவது மிகக் குறைவு. 2015இல் இலங்கையின் விசிறித்தொண்டை ஓணான் இரண்டு புதிய இனங்களாக விவரிக்கப்பட்டபோது, ஒன்று நம் வடக்குக் கரையோர மணலுக்குரியதாக வந்தது. அவ்வளவு காலமும் கண்முன்னே தொண்டையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பிராணி அது. ஆகவே ஓணானோ தேரையோ சுருட்டையோ, எதுவானாலும் அனுப்புங்கள். ஊரின் பெயர், நேரம், மண் செம்மண்ணா மணலா, அன்று மழை பெய்ததா என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். பாம்பென்றால் தலையும் நடுமுதுகும் வாலும் தெரிய வேண்டும். முழுப் பாம்பும் ஒரே படத்தில் வராவிட்டால் கிட்டப் போகாமல் ஸூம் பண்ணியே எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.