இரண்டு கட்டைவிரல்களிலிருந்து ஒன்று

காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் பனையோலைக் கொட்டான் பின்னும்போது கட்டைவிரலைக் கவனித்தால், அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது புரியும். ஓலையை ஆள்காட்டி விரலோடு சேர்த்துக் கவ்வி இழுக்கும் ஒவ்வொரு முறையும், கட்டைவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் அடிமூட்டில், ஆள்காட்டி விரலை நோக்கிய பக்கத்தில் இருக்கும் ஓர் இணைப்பு நார். கட்டைவிரல் இரண்டாகப் பிறந்த குழந்தைக்கு எந்த விரலை வைத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் அந்த நாரே முடிவு செய்கிறது.

ஏறத்தாழ 3000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருப்பதாகச் சொல்வதுண்டு. கருவின் 4 முதல் 8 வாரங்களுக்குள் கை உருவாகும்போது நேரும் இது, பெரும்பாலும் ஒரு கையில் மட்டும், குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமலே வருகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள் என்று தாயைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிளவு எந்த எலும்பு வரை இறங்கியிருக்கிறது என்பதை வைத்து இதை 7 வகைகளாகப் பிரிக்கும் வாசெல் (Wassel) என்ற மருத்துவரின் முறை 1969-இல் வெளிவந்தது. ஒரே உள்ளங்கை எலும்பின் மேல் இரு விரல்கள் தனித்தனியே நிற்கும் நான்காம் வகையே மிகுதி.

வெளிப்பக்க விரல் பொதுவாகச் சிறியது; பெரும்பாலும் நீக்கப்படுவதும் அதுவே. அதை நூலால் இறுக்கிக் கட்டி உதிரவைக்கலாம் என்று சிலர் எண்ணுவர். எலும்பும் மூட்டும் உள்ள விரலில் அது தவறான வைத்தியம். இரட்டைக் கதவுக்குச் செய்த நிலைச்சட்டத்தில் ஒரு கதவைக் கழற்றிவிட்டால் மற்றது சரியாகப் பொருந்தாது என்பது செட்டிநாட்டுத் தச்சர் எவருக்கும் தெரியும். இங்கும் அதே சிக்கல்தான். இரு விரல்களைத் தாங்கிய எலும்பின் தலை அகலமாக இருப்பதால், மருத்துவர் அதன் மிகுதியைச் சீவி எடுக்கிறார். நீக்கப்படும் விரலில் ஒட்டியிருந்த வெளிப்பக்க இணைப்பு நாரை, எலும்பின் மேலுறைப் பட்டையோடு சேர்த்து உரித்து, நிலைக்கும் விரலின் பக்கத்தில் தைக்கிறார். கட்டைவிரலின் அடியில் உள்ளங்கையில் மேடாகத் தெரியும் தசையின் முனையையும் அவ்வாறே இடம் மாற்றுகிறார். எலும்பு கோணியிருந்தால் அதை வெட்டி நிமிர்த்தி, ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்கள் அசையாமல் வைக்கிறார். இவற்றைச் செய்யாமல் விரலை மட்டும் வெட்டினால், மிஞ்சிய விரல் வளர வளரக் கோணும், மூட்டும் ஆடும்.

இரு விரல்களும் ஒரே அளவில் இருந்தால், இரண்டின் பாதிகளையும் நடுவில் இணைப்பதும் உண்டு. ஆனால் நகத்தில் வரப்பு விழவும் மூட்டு இறுகவும் வாய்ப்பிருப்பதால், அது முதல் தெரிவாக இருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பொருளைக் கிள்ளி எடுக்கும் பழக்கம் கையில் படியும் ஒரு வயதை ஒட்டிய காலத்தில் இச்சிகிச்சையைச் செய்வது வழக்கம். சீரமைத்த விரல் மறுகை விரலைவிடச் சற்று மெலிந்தே இருக்கும் என்பதைப் பெற்றோரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எலும்பு வளரும் காலம் முழுவதும் கோணல் திரும்பக்கூடும் என்பதால், கம்பியை எடுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் குழந்தையைக் காட்டி வர வேண்டியிருக்கிறது. சிலருக்கு இரண்டாவது அறுவையும் தேவைப்படுகிறது.