ரேஷன் கடைச் சுவரில் என்ன வரைவது?

பெண்கள் மீதான வன்முறை பற்றி ஊர்ச் சுவரில் படம் வரைய வேண்டும் என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கிறது. மூலையில் குந்தியிருக்கும் பெண், கலைந்த தலை, கண்ணீர், மேலே ஓங்கிய கை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படம் வேண்டாம். அடி வாங்குகிறவளுக்குத் தன் நிலைமை தெரியும். அதையே நாலு பேர் நிற்கிற இடத்தில் எழுதி வைத்தால், அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்வாள்.

சுவர் பேச வேண்டியது பக்கத்து வீட்டோடு.

அரூர் பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் குழுப் பெண்களிடம், ராத்திரி பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "அது அவங்க ஊட்டு விசயம் மேடம், நாம எப்படிப் போறது?" என்றுதான் முதலில் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வயதான அம்மா ஒருவர், "நான் ஒறை மோர் கேக்கற சாக்குல போயி கதவத் தட்டுவேன். அவன் வெளிய வந்து எங்கிட்டப் பேசற நேரத்துல அவ பின்பக்கமா நழுவிருவா" என்றார். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. கடைசியில் சுவரில் வந்ததும் அதுதான்: சாத்திய கதவு, அதைத் தட்டும் கை, இன்னொரு கையில் சொம்பு. ப்ரேக்த்ரூ அமைப்பு 2008-ல் நடத்திய 'பெல் பஜாவோ' பிரசாரமும் இதைத்தான் ஆண்களிடம் கேட்டது: சத்தம் கேட்டால் போய் மணியை அடியுங்கள். அந்த அம்மா யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

சட்டமும் அவர் பக்கம்தான். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கிற யார் வேண்டுமானாலும், அந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னால் அதற்காக அவர் மீது வழக்குப் போட முடியாது. கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதனால் படத்துக்குக் கீழே, நல்லெண்ணத்தில் தகவல் சொன்னால் வழக்கு வராது என்ற ஒரு வரியை எழுதச் சொல்கிறேன்.

போலீஸ் ஜீப் வரையலாமா என்று கேட்டதற்கு அந்தப் பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வாச்சாத்தி கிராமம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, போலீஸ் குழுவைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் அங்கே 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். சீருடையைப் பார்த்தால் தைரியம் வரும் என்று வெளியூர் ஓவியர் தானாக முடிவு செய்யக் கூடாது.

செத்துப்போன பெண்ணின் முகத்தை வரையச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நடுகல் நட்டுப் பழகிய மண், ஆசை நியாயமானதுதான். ஆனாலும் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின் கீழ் குற்றம். இறந்தவருக்கும் அது பொருந்தும். முகம் வரையாவிட்டாலும் சேலை நிறத்தையும் திண்ணையையும் வைத்தே யாரென்று ஊர் சொல்லிவிடும், அதனால் அவையும் வேண்டாம். மெக்சிகோவில் எலினா ஷொவே என்ற கலைஞர், கணவன் கையால் செத்த தன் சகோதரியையும் அதுபோல் போன மற்ற பெண்களையும் நினைத்து, 2009-ல் சியுடாட் ஹுவாரெஸ் நகரத் தெருவில் 33 ஜோடிச் சிவப்புக் காலணிகளை வைத்தார். ஒரு முகமும் அதில் இல்லை.

இடம்? ரேஷன் கடைச் சுவரைத்தான் நான் முதலில் கேட்பேன். அங்கே பெண் எவ்வளவு நேரம் நின்றாலும் ஏன் என்று வீட்டில் கேள்வி வராது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வரிசையில் நின்றபடியே படிக்கிற மாதிரி, கண் உயரத்தில், பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் போய் உற்றுப் பார்க்கிற மாதிரி இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். கூப்பிட்ட பிறகு அவள் எங்கே போவது என்பதும் ஊரில் ரெண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் கிடைக்கும்.

தேர்தல் வந்தால் சுவர் கட்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும். அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல், நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25-க்குள் வரைந்து முடிக்க அந்த அவகாசம் போதும்.