ஃப்ளீக்ஸ்கம் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஸ்வீடிஷ் மொழியில் 'ஃப்ளீக்' என்றால் பறத்தல், விமானப் பயணம். 'ஸ்கம்' என்றால் வெட்கம், மானக்கேடு. இரண்டையும் ஒட்டினால் ஃப்ளீக்ஸ்கம். விமானம் ஏறினால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்பது தெரிந்தும் ஏறுகிறோமே என்று ஏறுகிறவருக்கே உள்ளுக்குள் எழும் உறுத்தல்தான் இதன் பொருள். உயரத்தில் பறக்கும் பயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் சொல்லும் நம் செயலும் வேறு வேறு திசையில் போகின்றன என்று தெரியும்போது வரும் கூச்சம் இது.

சொல்லுக்கு வயது கொஞ்சம்தான். 2017-ல் ஸ்டஃபான் லிண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் பாடகர் இனி விமானம் ஏறுவதில்லை என்று பகிரங்கமாக உறுதி எடுத்தார், அவருடைய நண்பர்கள் சிலரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ஓபரா பாடகி மலேனா எர்ன்மன் அவர்களில் ஒருவர், காலநிலைக்காகப் போராடும் கிரெட்டா துன்பெர்க்கின் அம்மா. மகள் விடாமல் வாதாடியதால் விமானத்தை விட்டவர், அதோடு வெளிநாட்டு மேடைகளும் பெருமளவு அவருக்குப் போயின. இன்னொருவர் பியோர்ன் ஃபெர்ரி, 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் பயத்லானில் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி) தங்கம் வென்றவர். பிறகு தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு வர்ணனையாளர் ஆனார், போட்டி நடக்கும் ஊர்களுக்கு ரயிலில்தான் வருவேன் என்று சொல்லி அப்படியே போகவும் செய்தார். ஸ்வீடன் மொழிக் குழு 2018-க்கான புதுச்சொல் பட்டியலில் ஃப்ளீக்ஸ்கம்மைச் சேர்த்தது. ஜெர்மன்காரர்கள் 'ஃப்ளூக்ஷாம்' என்றார்கள், டச்சு, ஃபின்னிஷ் மொழிகளிலும் சொந்தச் சொல் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த இடத்தில் இது தனக்குத்தானே எடுத்துக்கொண்ட உறுதி. லிண்ட்பெர்க்கோ ஃபெர்ரியோ அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நின்று "நீ ஏன் பறக்கிறாய்" என்று கேட்டு இதைத் தொடங்கவில்லை. ஆனால் இரண்டே வருடத்தில் சொல் திசை மாறிவிட்டது. காலநிலை பற்றி யார் வாயைத் திறந்தாலும் "நீங்கள் எதில் வந்தீர்கள்?" என்று மடக்குவதற்கான கருவியாகிப் போனது.

கிரெட்டாவுக்கு நடந்ததே இதற்குச் சரியான சான்று. 2019 ஆகஸ்ட் 14 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து 'மலிசியா 2' என்ற பந்தயப் பாய்மரப் படகில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து 28-ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குப் போகும் பயணம். சூரியத் தகடும் நீருக்கடியில் சுழலும் டர்பைனும் மின்சாரம் தந்த படகு அது, கழிப்பறைகூடக் கிடையாது, வாளிதான். பதினாறு வயதுப் பெண் அந்தப் படகில் இரண்டு வாரம் கடலில் இருந்தாள். கரை ஏறுவதற்கு முன்பே விமர்சனம் வந்துவிட்டது: படகைத் திரும்ப ஓட்டிவர மாலுமிகள் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில்தானே போகப் போகிறார்கள், அப்புறம் என்ன பெரிய தியாகம்? கணக்கு என்று பார்த்தால் அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள்? விமானத்தில் வந்திருந்தால் பாசாங்கு, படகில் வந்தால் விளம்பரம் என்று இரண்டு கதவையும் சாத்திவிட்டு நிற்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

அதற்காக, பேசுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்று நான் சொல்லவில்லை. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷாஸீன் அட்டாரி, டேவிட் கிரான்ட்ஸ், எல்க்கே வெபர் ஆகிய மூவரும் 2016-லும் 2019-லும் வெளியிட்ட ஆய்வுகள் சொல்வது: காலநிலை பற்றி அறிவுரை சொல்கிறவரே வீட்டில் நிறைய மின்சாரம் எரிக்கிறார், அடிக்கடி பறக்கிறார் என்று தெரிந்தால், கேட்பவர்கள் அவர் அறிவுரையை நம்புவது குறைகிறது, அவர் ஆதரிக்கும் கொள்கைக்கான ஆதரவும் குறைகிறது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முன்பு நிறைய எரித்துக்கொண்டிருந்தவர் தன் வழக்கத்தைத் திருத்திக் குறைத்துக்கொண்டால் இழந்த நம்பிக்கையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. ஆக மக்கள் யாரையும் புனிதராக இருக்கச் சொல்லவில்லை. சொன்ன பக்கமாக நீயும் கொஞ்சம் நடந்து காட்டு என்கிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனின் காலநிலை விஞ்ஞானி கெவின் ஆண்டர்சன் 2004-க்குப் பிறகு விமானம் ஏறுவதையே விட்டவர், சீனாவில் நடந்த கருத்தரங்குக்கும் ரயிலில்தான் போனார். உமிழ்வைக் குறைக்கச் சொல்லி அவர் பேசும்போது அந்தக் குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது. மறுபக்கம் 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குச் சொந்த ஜெட்டிலும் வாடகை ஜெட்டிலும் வந்து இறங்கியவர்கள் அந்த மாநாட்டின் நோக்கத்துக்கே கெடுதல் செய்தார்கள். அங்கே எழுந்த கோபம் நியாயமான கோபம்.

சரி, தமிழுக்கு வருவோம். நேரடியாகப் போட்டால் 'விமான வெட்கம்' என்று வரும். எனக்கு அது ஒட்டவில்லை. வெட்கம் என்ற சொல்லில் புது மாப்பிள்ளை தலை குனிவதும் இருக்கிறது, "வெட்கமா இல்ல?" என்று அடுத்தவரை ஏசுவதும் இருக்கிறது. 'கூச்சம்' இன்னும் லேசானது, மேடை ஏறத் தயங்குகிறவருக்குப் போதும். 'குற்ற உணர்வு' பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் ஏதோ குற்றம் நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது போன்ற தொனி. அவமானம் என்பது பெரும்பாலும் பிறர் நமக்குச் செய்வது.

நம்மிடம் 'நாண்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. 'நாணம்' என்று நீட்டியதும் இன்றைக்கு மணப்பெண் நினைவுக்கு வந்துவிடுகிறாள், ஆனால் வள்ளுவர் இந்தக் குழப்பத்தை அன்றே தீர்த்து வைத்திருக்கிறார். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறள்: "கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற." செய்யத் தகாத செயலை நினைத்து நாணுவதே நாண், பெண்களின் நாணம் என்று சொல்லப்படுவது வேறு வகை. கருமத்தால் நாணுதல் என்ற இந்த இரண்டு சொல்லில் ஃப்ளீக்ஸ்கம்மின் முழுப் பொருளும் அடங்கிவிடுகிறது. அதே அதிகாரத்தில் "பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்" என்றும் வருகிறது. பிறருக்கு வரும் பழிக்கும் தன் பழிக்கும் சேர்த்தே நாணுகிறவர்கள். பிறரை நாணச் செய்கிறவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பேச்சு வழக்கைப் பார்த்தாலும் வெட்கப்படுத்து, அவமானப்படுத்து என்கிறோம், 'நாணப்படுத்து' என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. இலங்கைத் தமிழில் 'பறப்பு' என்ற சொல் விமானப் பயணத்துக்குப் புழங்குகிறது. இரண்டையும் சேர்த்து 'பறப்பு நாண்' என்று எழுதலாம். வில்லின் நாணும் இதே எழுத்துதானே என்று கேட்டால், 'பறப்பு' முன்னால் நிற்கும்போது யாரும் அம்பைத் தேடப் போவதில்லை.

யாருக்கு இந்த நாண் வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹும்பே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2018-ல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் போனார்கள். பயணிகள் விமானங்களின் உமிழ்வில் பாதி, உலக மக்களில் அதிகமாகப் பறக்கும் 1 சதவீதம் பேரால் வருகிறது. மொத்தக் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ இரண்டரை சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் அது எவ்வளவு சிறிய கூட்டத்தின் வேலை என்று பார்த்தால் அப்படித் தெரியாது. டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் பல வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பார்க்க ஏறும் விமானத்துக்கு நாண வேண்டியதில்லை, அவருக்குத் தண்டவாளம் போட்ட மாற்றுவழி கிடையாது. ஒரு மணி நேர உரைக்காகக் கண்டம் தாண்டிப் பறந்து, உமிழ்வைக் குறையுங்கள் என்று பேசிவிட்டு அன்றிரவே திரும்புகிறவருக்கு நாண் இருக்க வேண்டும். காணொலியில் பேசியிருக்கலாம்.

உறுதியை எழுத்துக்கு எழுத்து காத்தவர்களும் உண்டு. ஜான்லூகா கிரிமால்டா என்ற ஆய்வாளர் 2023-ல் பப்புவா நியூ கினியின் போகன்வில் தீவில் களப்பணியில் இருந்தபோது, உடனே ஜெர்மனிக்குத் திரும்பி வரும்படி அவர் வேலை பார்த்த கீல் பொருளாதார நிறுவனம் சொன்னது. விமானம் ஏற மாட்டேன், கப்பலிலும் தரைவழியிலும்தான் வருவேன் என்று அவர் நின்றார். வேலை போயிற்று. எல்லோரிடமும் இதை எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் அவர் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடும் என்னால் சேர முடியாது.

இந்தச் சொல்லுக்கு ஸ்வீடிஷ் மொழியில் இரண்டு கூட்டாளிகள் உண்டு, அவற்றையும் தமிழாக்கிவிடலாம். 'டோக்ஸ்க்ரீட்' என்றால் ரயிலில் போனதைப் படம் பிடித்துப் போட்டுச் சொல்லிக்கொள்வது. 'ரயில் பீற்றல்' பொருந்தும். 'ஸ்மீக்ஃப்ளீகா' என்றால் யாருக்கும் தெரியாமல் விமானத்தில் போய் வருவது. 'களவுப் பறப்பு' எனலாம். களவுப் பறப்பில் இருப்பது பிறர் கண்ணுக்கான பயம். அதையும் பறப்பு நாண் என்ற பெயரில் சேர்த்து எழுதிவிடக் கூடாது.