சொல்வதெழுதலில் காணாமல் போன சொற்கள்

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்திருந்தார். "பிள்ளை மொக்காப் போறாள் டொக்டர், சொல்லச் சொல்லக் கேக்கிறாளில்லை." நல்லவேளை, புத்தகப் பையும் கூட வந்திருந்தது. சொல்வதெழுதல் கொப்பியைப் புரட்டினேன். வரிக்கு நடுவில் இரண்டு மூன்று சொற்கள் இல்லை. அந்த இடத்தில் பேனை கோடாக இழுபட்டிருந்தது. பிறகு வாக்கியம் ஒழுங்காகவே தொடர்ந்தது. கீழே சிவப்பு மையில் "கவனயீனம்".

காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில் ஊதல் நின்றது. கண் ஒரே இடத்தில் நிலைத்தது, இமை மெல்லத் துடித்தது. காதருகே "மாம்பழம்" என்றேன். எட்டு வினாடி இருக்கும், மறுபடி ஊதத் தொடங்கினாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டதற்கு, "ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள்.

விழுந்து, நுரை தள்ளி, கைகால் அடித்தால்தான் வலிப்பு என்றில்லை. இதுவும் வலிப்புத்தான். மூளையின் நரம்புக் கலங்கள் பெருந்தொகையாக ஒன்றுசேர்ந்து, வினாடிக்கு ஏறத்தாழ 3 தடவை மின் அலைகளை எழுப்புகின்றன. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் இந்தக் கோலத்தை 1935இலேயே விவரித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் சொன்ன சொல்லைப் பிள்ளை மறக்கவில்லை. அது உள்ளே போகவேயில்லை.

வலிப்பு இல்லாத வேளையிலும் சிலருக்குச் சின்ன மின்பொறிகள் கிளம்பும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, பதில் மட்டும் கொஞ்சம் பிந்தும். மூளையின் இடப்பக்கம் கிளம்பினால் பெரும்பாலும் சொல்லும் வாசிப்பும் தடுமாறும். வலப்பக்கமென்றால் இடமும் உருவமும். நித்திரையில் ஓயாமல் கிளம்பினால் பகலில் படித்தது மனதில் தங்காது.

வன்னியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சண்டையில் எறிகணைத் துண்டு தலையில் பட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் வலிப்புத் தொடங்கலாம். "ஞாபகம் விட்டுவிட்டுப் போகுது" என்று அவர்கள் சொல்லும்போது, சண்டை தந்த மனவேதனை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

மந்தம் வலிப்புக் குளிசையாலும் வரும். பழைய பீனோபாபிட்டோன் அதற்குப் பேர்போனது. சரி, அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்து உண்டு. மந்தத்தைச் சொல்லுங்கள், மாற்றிப் பார்க்கலாம். வரும்போது கொப்பியையும், முடிந்தால் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டு வாருங்கள்.

அந்தப் பிள்ளையின் அடுத்த தவணைக் கொப்பியில் இழுபட்ட கோடு ஒன்றும் இல்லை. 'ள', 'ழ' பிழைகள்தான் நிறைய. அதற்கு என்னிடம் குளிசை இல்லை.