‘திறந்த மூல நுண்ணறிவு’ வேண்டாம்: பொதுவெளிப் புலனாய்வு – சொல் விளக்கம்

இணையப் பாதுகாப்புப் பாடங்களில், போர்ச் செய்திகளில், வளைகுடாச் சந்தை பற்றிய அறிக்கைகளில் ‘திறந்த மூல நுண்ணறிவு’ என்ற தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. ‘ஓப்பன் சோர்ஸ் இன்டெலிஜென்ஸ்’, சுருக்கமாக ஓசின்ட் (OSINT), என்பதற்குத் தமிழ் என்று கொடுக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்கு இந்தத் தொடர் தேவையில்லை. தெரியாதவருக்கு இது புரியாது. ஏதோ இலவச மென்பொருளைக் கொண்டு இயங்கும் செயற்கை நுண்ணறிவு என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அவர் மேல் குற்றமில்லை. தொடரே அப்படித்தான் சொல்கிறது.

உண்மையில் அது குறிப்பது இதுதான்: யாரும் சட்டப்படி பெறக்கூடிய செய்திகளை, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடி, திரட்டி, சரிபார்த்து, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பது. 2006-இல் அமெரிக்கச் சட்டத்தில் ஏறிய வரையறையும் ஏறக்குறைய இதுவே. நாளிதழ், வானொலி, அரசிதழ், வணிகப் பதிவேடு, பங்குச்சந்தை அறிவிப்பு, ஏலக் குறிப்பு, நீதிமன்றத் தீர்ப்பு, செயற்கைக்கோள் படம், சமூக ஊடகப் பதிவு எல்லாம் இதற்குக் கச்சாப்பொருள். திருடிக் கசியவிட்ட கோப்புகள் இதில் சேராது. இணையத்தில் கிடைத்துவிட்டதால் மட்டும் ஒன்று பொதுத்தகவல் ஆகிவிடாது.

தொழில் பழையது, அரபு மொழியும் அதில் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முசோலினியின் இத்தாலி பாரி வானொலி வழியாக அரபில் பரப்புரை செய்தது. அதற்கு எதிராக பி.பி.சி. தன் முதல் அயல்மொழி ஒலிபரப்பை 3 ஜனவரி 1938 அன்று அரபில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு, அயல்நாட்டு வானொலிகளைக் கேட்டு எழுதித்தரும் பிரிவு ஒன்றையும் அது அமைத்தது. அமெரிக்கா 1941-இல் இதே வேலைக்கு ஓர் அமைப்பை உண்டாக்கியது. பிறகு அது சி.ஐ.ஏ.வின் கீழ் போனது. மென்பொருளுக்கு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று பெயர் வைத்தது 1998-இல்தான். இங்கே ‘சோர்ஸ்’ என்றால் செய்தி வந்த இடம், அங்கே நிரல். ஒலி ஒன்று, பொருள் வேறு. தமிழில் ‘மூல நிரல்’, ‘திறந்த மூல மென்பொருள்’ என்று இரண்டாவது பொருளுக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல்லை முதல் பொருளுக்கும் இழுத்து வந்ததுதான் முதல் குழப்பம்.

பெரிய பிழை ‘நுண்ணறிவு’. ‘இன்டெலிஜென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: மூளையின் கூர்மை, சரிபார்த்துத் தரப்படும் செய்தி, அந்த வேலையைச் செய்யும் துறை. நுண்ணறிவு முதல் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். நுண்ணறிவு ஒருவரிடம் இருப்பது. நாம் பேசுவதோ ஒருவர் உழைத்து உண்டாக்கிக் கொடுப்பது. ‘படைகள் நகர்வதாக நுண்ணறிவு கிடைத்தது’ என்று எந்தத் தமிழரும் பேச மாட்டார். ‘தகவல் கிடைத்தது’, ‘துப்புக் கிடைத்தது’ என்பார். பேச்சில் நிற்காத சொல்லைக் கலைச்சொல் என்ற பெயரில் ஏன் ஏற்க வேண்டும்?

அரபு எழுத்தாளர்கள் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். கூர்மைக்கு அவர்கள் சொல் ‘தகா’. செயற்கை நுண்ணறிவும் நிறுவனங்களின் தரவுப் பகுப்பாய்வும் அதில் அடங்கும். துப்பறியும் வேலைக்கு ‘இஸ்திக்பாராத்’. அதன் வேர் ‘கபர்’, அதாவது செய்தி. செய்தியைத் தேடிக் கேட்பது என்று சொல்லின் அமைப்பே சொல்லிவிடுகிறது. அதே வேரில் பிறந்த ‘முகாபராத்’ அரபு நாடுகளில் உளவுத்துறையின் பெயர், அச்சத்தோடு உச்சரிக்கப்படுவது. அதனால்தான் அரபு இதழாளர்கள் தங்கள் பணியைப் பொதுத்தகவல் ‘தஹ்கீக்’ என்கிறார்கள். உண்மையைக் கண்டறிதல் என்று பொருள். யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து அவர்கள் சொல்லை மாற்றுகிறார்கள். அரபுத் தளங்களில் தேடுகிறவருக்கு இது கைக்குதவும் செய்தியும்கூட. ‘தகா’ என்று போட்டால் மென்பொருள் விளம்பரம் வந்து குவியும். ‘இஸ்திக்பாராத்’ என்று போட்டால் ராணுவ ஆய்வு வரும். ‘தஹ்கீக்’ என்று போட்டால்தான் இதழியல் பயிற்சிக் கையேடுகள் கிடைக்கும்.

அடுத்து ‘உளவு’. ‘திறந்த மூல உளவு’ என்போர் நுண்ணறிவைத் தவிர்த்ததற்குப் பாராட்டு. ஆனால் உளவு ‘உள்’ளோடு ஒட்டிய சொல், மறைவில் புகுந்து அறிவதைச் சொல்வது. கடையில் விலைக்குக் கிடைக்கும் நாளிதழைப் படிப்பதை உளவு என்றால், படிக்கிறவர் மேல் தேவையற்ற சந்தேகம் விழும். ரியாத்திலோ மஸ்கட்டிலோ ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கும் கணக்காளர் தம்மை உளவு பார்ப்பவர் என்று அறிமுகம் செய்துகொள்ள முடியுமா? இயந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘திறந்த மூல உளவுத்துறை’ இன்னும் மோசம். வேலையைச் சொல்ல வந்து, இல்லாத ஒரு துறையை உண்டாக்கிவிடுகிறது.

‘ஒற்று’ பழஞ்சொல், அழகான சொல். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். தூய தமிழ் வேண்டுவோர் ‘வெளி ஒற்று’ என்று எழுதலாமே என்கிறார்கள். இலக்கணத்தில் ஒற்று மெய்யெழுத்து. இன்றைய வாசகர் ‘வெளி ஒற்று’ என்றால் சந்திப்பிழையைத்தான் நினைப்பார். சொல்லை விட்டுவிடலாம், ஆனால் அந்த அதிகாரம் சொல்லும் முறையை விடக்கூடாது. ஓர் ஒற்றன் தந்ததை இன்னோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆண்டு, மூவர் சொல் ஒத்தால்தான் நம்பச் சொல்கிறார். ஒன்றையொன்று சாராத பல வழிகளில் சரிபார்ப்பது இன்றும் இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

‘வெளிமூலம்’ என்றும் ஒரு முயற்சி நடந்தது. தமிழ் மருத்துவத்தில் அது நோயின் பெயர். மேற்கொண்டு வாதம் தேவையில்லை.

எனவே ‘பொதுவெளிப் புலனாய்வு’ என்கிறேன். செய்தி கிடக்கும் இடம் பொதுவெளி. அதை ஆராய்ந்து உண்மை காண்பது புலனாய்வு. தமிழ்நாட்டில் புலனாய்வு என்றால் குற்ற விசாரணை: மத்தியப் புலனாய்வு, சிறப்புப் புலனாய்வுக் குழு. ஐ.பி. போன்ற உளவு அமைப்புகளை உளவுத்துறை என்கிறோம். இலங்கையில் அரச புலனாய்வுச் சேவை, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்று இரண்டுக்கும் ஒரே சொல். இரு கரையிலும் புழங்கும் சொல் என்பதால் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வணிக ஆய்வுக்குக் காவல்துறை வாடை வேண்டாம் என்பவர்கள் ‘பொதுவெளித் தகவலாய்வு’ என்று எழுதட்டும். முன்பாதி மாறாமல் நின்றால் போதும். ‘பொதுவெளி’ தெருவையும் மைதானத்தையும் குறிக்காதா என்ற கேள்வி நியாயமானது. குறிக்கும்தான், ஆனால் ‘பொதுவெளியில் கிடைக்கும் ஆவணம்’ என்று எழுதிப் பழகிய வாசகர் தடுமாற மாட்டார்.

‘ஆய்வு’ என்ற பகுதியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அரபு ஆவணங்களே காரணம். அங்கே கிடைத்ததை அப்படியே எடுத்தால் தவறு நிச்சயம்.

சவூதி அரேபியாவில் சட்டத்துக்கும் ஆணைக்கும் அரபுப் பாடமே செல்லும்; ஆங்கிலம் வசதிக்காக. 1924 முதல் வெளிவரும் ‘உம்முல் குரா’ அந்நாட்டு அரசிதழ். குவைத்துக்கு 1954 முதல் ‘அல்-குவைத் அல்-யவ்ம்’. எகிப்தின் ‘அல்-வகாயி அல்-மிஸ்ரிய்யா’ 1828-இல் தொடங்கியது. ஆங்கிலப் பதிப்பில் ஒரு பத்தியாக வருவது இவற்றில் பல பக்கங்களாக, பங்குதாரர் பெயரும் மூலதனமும் உட்பட வந்திருக்கும்.

நிறுவனத்தின் பெயருக்குப் பின் வரும் மூன்றெழுத்து அரபுச் சுருக்கத்தைப் பாருங்கள். ஷீன்–மீம்–மீம் என்றிருந்தால் எகிப்தில் அது பங்கு நிறுவனம். அதே மூன்றெழுத்து லெபனானில் வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம். அங்கே பங்கு நிறுவனத்துக்கு ஷீன்–மீம்–லாம். அமீரகத்தில் வரையறுத்த பொறுப்புக்கு தால்–மீம்–மீம். நாட்டைப் பார்க்காமல் சுருக்கத்தை மட்டும் பெயர்த்தால் நிறுவனத்தின் வகையே மாறிவிடும்.

நாளும் அப்படித்தான். சவூதி ஆவணத்தில் 1446 என்றிருந்தால் அது ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு; அது தொடங்கியது 7 ஜூலை 2024 அன்று. லெபனான், சிரியா, ஈராக், ஜோர்டானில் திஷ்ரீன் என்ற பெயரில் இரண்டு மாதம், கானூன் என்ற பெயரில் இரண்டு மாதம். முதல் திஷ்ரீன் அக்டோபர், இரண்டாவது நவம்பர். முதல் கானூன் டிசம்பர், இரண்டாவது ஜனவரி. ‘இரண்டாவது’ என்ற சொல்லை விட்டுப் பெயர்த்தால் ஜனவரிக் கணக்கு டிசம்பருக்குப் போய், நிதியாண்டே மாறும். ஆகஸ்டு மாதம் மொராக்கோவில் ‘குஷ்த்’, அல்ஜீரியாவிலும் துனீசியாவிலும் ‘ஊத்’.

எண்ணிலும் கவனம் தேவை. கிழக்கு அரபு எண்ணுருவில் சுழியம் ஒரு புள்ளி; சிறு வட்டமாக, நம் சுழியம் போலத் தெரிவது 5. நகலெடுத்த பக்கத்தில் புள்ளி மங்கினால் தொகை பத்தில் ஒன்றாகிவிடும். வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் நாம் எழுதும் எண்களே புழங்குகின்றன. ஆகவே பதிவெண்ணை இரண்டு எண்ணுருவிலும் தேட வேண்டும். சவூதியின் பழைய வணிகப் பதிவெண் 10 இலக்கம். 1010 என்று தொடங்கினால் ரியாத், 4030 என்றால் ஜித்தா.

பெயரை ஆங்கில எழுத்தில் தேடுவது வீண் வேலை. கெய்ரோவில் கமால் (Gamal), ரியாத்தில் ஜமால் (Jamal). அரபு எழுத்தில் இரண்டும் ஒன்றே. அரபிலேயே தேடினாலும் அஹ்மதின் முதல் எழுத்தான அலிஃபை ஹம்ஸா என்ற குறியோடும் இல்லாமலும், சொல்லிறுதியில் வரும் தா மர்பூத்தா என்ற எழுத்தை ஹா-வாக மாற்றியும், அப்துல்லாவைச் சேர்த்தும் பிரித்தும் பார்க்க வேண்டும். தன் பெயர், தந்தை, பாட்டன், குடும்பம் என்ற நான்கும் ஒத்துப்போன பிறகே இவர்தான் அவர் என்று எழுதலாம்.

தமிழருக்கென்று ஒரு தனிப் பொறியும் உண்டு. வக்கீல், ஜாமீன், வசூல், அசல், தாக்கல் எல்லாம் அரபு வேரில் பிறந்து நம்மிடம் வந்தவை. அதனால் அரபுப் பக்கத்தில் ‘வகீல்’ கண்டதும் வழக்கறிஞர் என்று எழுதிவிடுகிறார்கள். வணிக ஆவணத்தில் அவர் விற்பனை முகவர். எகிப்திய அமைச்சகச் செய்தியில் ‘வகீல்’ அமைச்சகத்தின் மூத்த அதிகாரி. வழக்கறிஞருக்கு அங்கே ‘முஹாமி’. இதே போல ‘முனாகஸா’ குறைந்த விலைக்குப் போகும் ஒப்பந்தப்புள்ளி. ‘முஸாயதா’ அதிக விலைக்குப் போகும் ஏலம். முதலாவதன் வேருக்குக் குறைதல் என்று பொருள். இரண்டாவதன் வேர் நம் ‘ஜாஸ்தி’க்கும் வேர். இரண்டையும் ‘டெண்டர்’ என்று எழுதினால், அரசு வாங்குகிறதா விற்கிறதா என்பதே தெரியாமல் போகிறது.

பொதுவெளியில் இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. 24 மே 2017 அன்று கத்தார் செய்தி முகமையின் தளத்தை ஊடுருவி, அந்நாட்டு ஆட்சியாளரான அமீர் சொன்னதாகச் சில கூற்றுகளை ஏற்றினார்கள். கத்தார் மறுத்த பிறகும் சவூதி, அமீரக ஊடகங்கள் அவற்றைத் தொடர்ந்து வெளியிட்டன. 5 ஜூன் அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. அன்று பத்து அரபு ஊடகங்களில் ஒரே கூற்றைப் பார்த்தவர் பத்துச் சான்று பார்க்கவில்லை. ஒன்றின் பத்து நகலைப் பார்த்தார். அல் அரேபியாவின் பின்னால் சவூதி, அல் ஜசீராவின் பின்னால் கத்தார், ஸ்கை நியூஸ் அரேபியாவின் பின்னால் அபுதாபி என்ற உடைமைப் பட்டியல் கையில் இல்லாமல் அரபுச் செய்தியை எடைபோட முடியாது. ‘மஸாதிர் முத்தலிஆ’, அதாவது ‘விவரமறிந்த வட்டாரங்கள்’ என்று தொடங்கும் வரிக்குப் பின்னால் யார் என்று கேட்காமல் விடக்கூடாது.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான்: அரபிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து இயந்திரம், இயந்திரத்திலிருந்து தமிழ் என்று மூன்று கை மாறிய வரியைத் தம் பெயரில் வெளியிடுகிறார்கள். அரபு தெரிந்த தமிழர்கள் மதரசாக்களிலும் வளைகுடா அலுவலகங்களிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு முறை காட்டினாலே வக்கீலும் முனாகஸாவும் திருந்திவிடும். அறிக்கை எழுதும்போது நிறுவனப் பெயரை அரபு எழுத்தில் ஒரு முறையாவது கொடுங்கள். ஹிஜ்ரி நாளையும் ஆங்கில நாளையும் அருகருகே எழுதுங்கள். சுருக்கெழுத்துக்கு நாட்டின் பெயரைச் சேருங்கள். எந்த இதழ், எந்த இதழ் எண் என்பதை விடாதீர்கள். இந்த வேலைக்குத் தலைப்பில் ‘பொதுவெளிப் புலனாய்வு’ என்றே போடுங்கள்.